பழைய ரயில் பெட்டியை மறுபடி ஓட விடும்போது செய்யக் கூடாத தவறுகள்: நம் கடற்கரைக்கான குறிப்புகள்

பழைய பெட்டியைப் புதுப்பிக்கிறோம் என்றதும் பேச்சு நேராக பெயின்ட், சீட், ஃபேன், விளக்கு என்று போய்விடுகிறது. முதல் தவறு அதுதான். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பல வருஷம் ஓடிய பெட்டிக்கு நோய் தரைக்கு அடியில் இருக்கிறது. தரையைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே எந்த வேலையைத் தொடங்கினாலும் அந்தப் பணம் வீண்.

நம் பாசஞ்சர் ரயில்களில் நெடுங்காலம் ஓடியவை பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) கட்டிய பெட்டிகள். அந்தத் தொழிற்சாலை பழைய வகைப் பெட்டி கட்டுவதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டு முழுக்க ஜெர்மன் வடிவமைப்பிலான எல்.எச்.பி. பெட்டிக்கு மாறிவிட்டது. பழைய வகைக்குப் பொதுவாக 25 ஆண்டு ஆயுள் என்று கணக்கு. ஆனால் அந்த 25ஐ அப்படியே நம்பக் கூடாது. கடலை விட்டுத் தள்ளிய வழித்தடத்தில் 20 வருஷம் ஓடிய பெட்டியும் உப்புக்காற்றில் 12 வருஷம் ஓடிய பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இளையதுதான் மோசமாக இருக்கக்கூடும். பதிவேட்டில் உள்ள வயதை மட்டும் பார்த்து 'இது தேறும், இது தேறாது' என்று பிரித்துவிடக் கூடாது.

உப்பு எப்படி உள்ளே வருகிறது என்று தெரிந்தால், எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இங்கே வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் பெட்டி மேல் உப்பு படியும். அது வெளியிலிருந்து வருவது. உள்ளே வேறு வழியில் வருகிறது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலின் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, ஈர வேட்டி சேலையோடு ஏறும் யாத்ரீகர்கள். வாசலோரம் மீன்கூடையை இறக்கி வைத்து உட்காரும் பெண்கள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் சொட்டிக்கொண்டே வரும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாசஞ்சர் வண்டியே அவர்களுக்காகத்தான். அந்தத் தண்ணீர் தரை ஷீட்டின் இணைப்பில் இறங்கி, கீழே உள்ள பலகையில் ஊறி, அதற்கும் கீழே இருக்கும் தகட்டில் தேங்குகிறது. வாசல், கழிப்பறைக்கு அடிப்பகுதி, பக்கச்சுவர் கீழே வளையும் இடம், நீளவாக்கில் பாரம் தாங்கும் சோல்பார் ஆகியவைதான் முதலில் அரிக்கும் இடங்கள். வடிகால் துளைகள் குப்பையால் அடைத்திருந்தால் இன்னும் வேகம்.

பெட்டி கட்டிய எஃகைக் காட்டி, 'இது கார்ட்டன் ஸ்டீல், துருவைத் தாங்கும்' என்று சிலர் தைரியம் சொல்வார்கள். நனைந்து, நன்றாகக் காய்ந்து, மறுபடி நனையும் இடத்தில்தான் அந்த எஃகு தன் மேல் கெட்டியான ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். உப்பு ஈரம் காயாமல் நிற்கும் இடத்தில் அந்தப் படலம் சரியாக உருவாகாது. சாதாரண இரும்பைப் போலத்தான் அரிக்கும்.

சோதிப்பது எளிது. சிப்பிங் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீர் என்று பேசும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே இறங்கிவிடும். அப்புறம் சந்தேகமான இடத்தில் அல்ட்ராசோனிக் (மீயொலி) கருவியை வைத்துத் தடிமன் அளக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு 'மேல் துருதான்' என்று எழுதுவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, ஓட்டையில் பட்டி பூசி மறைப்பதும், மெலிந்த தகட்டின் மேலேயே ஒரு துண்டை வைத்து வெல்டிங் அடிப்பதும். அந்த வெல்டிங்குக்குப் பிடிமானமே கிடையாது. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் அரித்துக்கொண்டிருக்கும். நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு வைக்க வேண்டும்.

சரி, வெட்டித் தைத்தாயிற்று. அடுத்து பெயின்ட். நம் கடற்கரைப் பெட்டிகளில் அடிக்கடி கோட்டைவிடுவது இங்கேதான். துருவைச் சுரண்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சுரண்டினாலும், கிரிட் பிளாஸ்டிங் (கரடான துகள்களைப் பீய்ச்சித் துருவை நீக்குவது) செய்தாலும், தகட்டின் நுண்குழிகளில் உப்பு தங்கியிருக்கும். அதன் மேல் எவ்வளவு விலையுள்ள பெயின்ட் அடித்தாலும், உப்பு ஈரத்தை இழுத்து உள்ளிருந்து கொப்புளம் கிளப்பும். முதலில் நல்ல தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சிக் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இங்கே பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிங் செய்து, தகட்டில் உப்பு மிச்சம் இருக்கிறதா என்று சோதித்து, அன்றைக்கே பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி கடற்காற்றில் விட்டால் காலையில் தகடு செம்மண் நிறத்தில் இருக்கும். புதிய பாம்பன் பாலத்துக்குக் கடல் அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அதன் மேல் ஓடப்போகும் பெட்டிகளின் அடிப்பாகத்துக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது என் கருத்து.

அலுமினிய ஜன்னல் சட்டத்தை வெறும் இரும்பு ஸ்க்ரூவால் முடுக்குவதும் கூடாது. இரண்டு வேறு உலோகம், நடுவே உப்பு ஈரம். சேரும் இடம் சீக்கிரம் அரித்துவிடும்.

'சும்மா நின்ற பெட்டிதானே, தேய்மானம் இருக்காது' என்ற நம்பிக்கை இன்னொரு தவறு. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கும் வரை வண்டிகள் ராமேஸ்வரம் போகவே முடியவில்லை, மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்று திரும்பின. அதுபோன்ற காலங்களில் ஓரம் கட்டப்படும் பெட்டிக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானம் இல்லைதான், ஆனால் நிற்பதால் வரும் சேதம் உண்டு. பேரிங்கில் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கும், கிரீஸ் கட்டிப்படும், ஈரம் புகுந்தால் குழி விழும். பிரேக் ஹோஸ், டயாஃப்ரம், கதவு ரப்பர் எல்லாம் ஓடினாலும் நின்றாலும் வயதாகும் பொருள்கள். பேட்டரி சார்ஜ் இல்லாமல் கிடந்தால் செத்துவிடும். அதனால் ரப்பர் சாமான்களை 'பார்க்க நன்றாக இருக்கிறது' என்று விடாமல் மொத்தமாக மாற்ற வேண்டும். சக்கர அச்சுக்கு அல்ட்ராசோனிக் சோதனை கட்டாயம். பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு பெட்டியையும் தனியாகச் சோதித்த பிறகுதான் ரேக்கில் (ஒரு வண்டியின் பெட்டித் தொடரில்) சேர்க்க வேண்டும்.

வயரிங்கில் ஆசைக்கு இடம் கொடுக்கவே கூடாது. பழைய வயரை அப்படியே வைத்துக்கொண்டு கூடுதல் ஃபேன், மொபைல் சார்ஜிங் பாயின்ட் என்று சுமையை ஏற்றினால் சூடாகும். உப்பு படிந்த ஜங்ஷன் பாக்ஸில் மின்கசிவும் சேர்ந்துகொள்ளும். சீட்டுக்கு மலிவான நுரையும் ரெக்சினும் போடுவது இதே தீ ஆபத்தின் மறுபக்கம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் சட்டவிரோதமாக உள்ளே வைத்திருந்த எரிவாயு சிலிண்டர், வயரிங் அல்ல. ஆனாலும், காரணம் எதுவாக இருந்தாலும் பெட்டிக்குள் தீ என்றால் வெளியேறக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். தீயைத் தாங்கும் பொருள், துருப்பிடித்து இறுகாத அவசர ஜன்னல், தடையின்றித் திறக்கும் கதவு ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கழிப்பறை விஷயம் சுருக்கமாக. மானாமதுரை–ராமேஸ்வரம் 114 கி.மீ. தடம் 2016இலேயே நாட்டின் முதல் பசுமை ரயில் தடமாக அறிவிக்கப்பட்டது. அதாவது, தண்டவாளத்தில் மலம் விழக் கூடாது. பயோ டாய்லெட் (கழிவைத் தொட்டியிலேயே நுண்ணுயிர்கள் சிதைக்கும் கழிப்பறை) இல்லாத பழைய பெட்டியை 'தற்காலிகமாக' இங்கே கொண்டுவருவது தவறு. அந்தத் தொட்டியைத் தாங்கும் கொக்கிகளும் போல்ட்களும் தரைக்கு அடியில் உப்பில் கிடப்பவை. அவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

சிலர் பழைய மீட்டர் கேஜ் பெட்டிகளை ராமேஸ்வரம் தடத்தில் மறுபடி ஓட்டலாமே என்று பாசத்தோடு கேட்கிறார்கள். இந்தத் தடம் 2007இல் அகலப்பாதையாகிவிட்டது. தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. எங்கே, 1,676 மி.மீ. எங்கே. சக்கரத்தை மட்டும் மாற்றினாலும் பெட்டியின் அகலம், கப்ளிங், பிளாட்பார உயரம் எதுவும் பொருந்தாது. அந்தப் பெட்டிகளைக் கூரை போட்டுக் காட்சிக்கு வைத்துப் பாதுகாப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

கடைசியாக, சோதனை ஓட்டம். காலிப் பெட்டியாக ஒரு நடை ஓட்டிவிட்டுச் சான்று கொடுப்பது போதாது. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் இந்த வண்டிகளில் ஏறும் கூட்டம் நமக்குத் தெரியும். அந்தப் பாரத்துக்கு ஈடாக மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்டியின் முனையில் மோதலைத் தாங்கும் பஃபரின் உயரம், தண்டவாளத்திலிருந்து, காலியில் 1,105 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, பாரத்தில் 1,030க்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் இந்த அளவிலேயே தெரிந்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு, அடுத்த ஒர்க்‌ஷாப் முறை வரும் வரை காத்திருக்காமல், முதல் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் கழிப்பறைப் பக்கத்துத் தரை ஷீட்டை ஒரு முழம் கிளப்பிப் பாருங்கள். பலகை ஈரமாக இருந்தால் அன்றைக்கே வண்டியிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும்.