சின்ன லித்தியம் பேட்டரிக்கு சார்ஜர் போர்டு வைக்கும் முன்

பழைய புளூடூத் ஸ்பீக்கரில் இருக்கும் 500 எம்ஏஎச் லித்தியம் பேட்டரிக்கு டிபி4056 சார்ஜிங் போர்டை வாங்கி அப்படியே சாலிடர் பண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு செட் ஆகித்தான் வருகிறது, இவ்வளவு சின்ன பேட்டரிக்கு அது ரொம்ப அதிகம், சூடேறி உப்பிப்போகும். போர்டில் இருக்கும் ஐசி (கறுப்புச் சில்லு) பக்கத்தில் பொடி எழுத்தில் '122' என்று அச்சிட்ட ரெசிஸ்டரைப் பாருங்கள், அதாவது 1.2 கிலோ ஓம்; சார்ஜ் கரண்ட்டை நிர்ணயிப்பது அதுதான். 1200-ஐ ஓம் மதிப்பால் வகுத்தால் கரண்ட் எத்தனை ஆம்பியர் என்று தெரிந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு 4.7 கிலோ ஓம் (வண்ணப் பட்டைகள் மஞ்சள், ஊதா, சிவப்பு) போட்டால் சுமார் 255 மில்லி ஆம்பியர், இது போதும்.

சிலர் 5 வோல்ட் அடாப்டரில் வெறும் ரெசிஸ்டரை மட்டும் போட்டு ஏற்றுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ரெசிஸ்டர் கரண்ட்டைக் குறைக்குமே தவிர, பேட்டரி நிறைந்ததும் 4.2 வோல்ட்டில் நிறுத்தாது.

அப்புறம் நம்ம வேலூர் கத்திரி வெயில். லித்தியத்தைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது, மலிவான போர்டுகளில் பேட்டரியின் சூட்டை உணரும் வசதியும் இருக்காது. அதனால் மே மாத மதியத்தில் தகரக் கூரைக்கு அடியில் சார்ஜ் போடாமல், விடியற்காலையில், நீங்கள் முழித்திருக்கும்போது, வெறும் சிமெண்ட் தரையில் வைத்து ஏற்றுங்கள்.