வீட்டு பீரும் சொந்த ஹாப்ஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் காய்ச்சிய பீர் வாயில் வைக்க முடியாமல் போனால் பலரும் முதலில் பழிபோடுவது செய்முறையின் மேல்தான். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை மாற்றுவார்கள், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் கூம்புகளைக் கூட்டுவார்கள், அடுத்த முறையும் அதே புளிப்போ அதே மருந்து வாடையோ வந்து நிற்கும். என்னைக் கேட்டால், சுமாரான செய்முறையிலும் நல்ல பீர் வரும். காரியம் கெடுவது பெரும்பாலும் அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும் வரை கிருமிகளைப் பற்றிக் கவலையே இல்லை. ஆற ஆரம்பித்த நிமிடத்திலிருந்து வோர்ட் எனப்படும் அந்த இனிப்பான மால்ட் சாறு நீங்கள் போடும் ஈஸ்டுக்கு மட்டுமல்ல, காற்றிலும் பாத்திரத்திலும் இருக்கும் அத்தனைக்கும் தீனி.

அதற்கும் முன்னால் வரும் தவறு ஒன்று உண்டு: சட்டத்தைப் பார்க்காமல் பாத்திரம் வாங்குவது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 வரை உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழி திறந்தது. அப்படியும் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தன. இன்றும் தடை இருக்கும் இடங்கள் உலகில் நிறைய. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பீரைக் காய்ச்சி வடித்துச் சாராயமாக்குவது முற்றிலும் வேறு விஷயம். அது பெரும்பாலான நாடுகளில் குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கழுவியாச்சு, போதாதா?

போதாது. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. முதலில் அழுக்கு முழுக்கப் போகவேண்டும், அதன் பிறகுதான் சானிடைசர். ஒட்டிக்கிடக்கும் பிசுக்கின் அடியில் கிருமிகள் பத்திரமாக இருக்கும். மேலே எதை ஊற்றினாலும் அவற்றை எட்டாது. பலர் கோட்டைவிடும் இடம் நொதிக்கும் வாளியின் குழாய். வாளியைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, குழாயைக் கழற்றிப் பார்க்காமலே விட்டுவிடுவார்கள். கழற்றினால் மரையிடுக்கில் போன முறைப் பீரின் படிவு பழுப்பாக ஒட்டியிருக்கும். மூன்று முறை தொடர்ந்து புளித்த பீருக்கு அந்த ஒரு மரையே காரணமாக இருக்கலாம். பிளாஸ்டிக் வாளியை இரும்பு நார் போட்டுத் தேய்ப்பதும் தப்பு. விழும் ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒளியும் இடம். கீறல் விழுந்த வாளியை வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குவதே நல்லது.

பிளீச்சிங் திரவத்தால் சுத்தம் செய்துவிட்டுச் சரியாக அலசாமல் விடுவது இன்னொன்று. குளோரின் மால்ட்டிலும் ஈஸ்டிலும் இருந்து வரும் ஃபீனால் என்ற சேர்மங்களோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாடை வரும். துளி இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் இதையே செய்யும். வெறும் குளோரின் என்றால் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ, ஒரு ராத்திரி திறந்துவைத்தோ போக்கிவிடலாம். சில ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகத் தண்ணீரில் சேர்க்கும் குளோரமைன் அப்படிச் சுலபத்தில் போகாது. அதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை வேண்டும். கேம்ப்டன் மாத்திரை என்ற பெயரில் கிடைக்கும் ஒன்று சுமார் 75 லிட்டருக்குப் போதும்.

அடுப்படியில் நடப்பவை

இங்கே தவறுகள் குறைவுதான். மால்ட்டும் தண்ணீரும் கலந்து ஊறும் கலவை 65 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். கீழ்முனையில் இருந்தால் மாவுச்சத்து ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாக நன்றாக உடைந்து, இனிப்பில்லாத வறண்ட பீர் வரும், மேல்முனையில் இருந்தால் கனமான, லேசான இனிப்புள்ள பீர். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தில் பீரின் குணமே மாறிவிடும் என்பதால் தெர்மாமீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், பூஜ்ஜியம் காட்டவேண்டும். மால்ட்டை அலசி எடுக்கும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும்.

கொதிக்கும்போது மூடி போடாதீர்கள். வெளிர்நிற மால்ட்டிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற சேர்மம் உண்டாகிறது, வேகவைத்த மக்காச்சோள வாடை. அது ஆவியோடு வெளியேறவேண்டியது. மூடினால் சொட்டுச் சொட்டாகத் திரும்ப உள்ளேயே விழும். கொதி பொங்கும் தருணத்தில் பக்கத்தில் நில்லுங்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை; ஒருமுறை பொங்கி அடுப்பில் வழிந்தால் தானாகவே புரியும்.

ஈஸ்டுக்கு வேலை செய்ய விடுங்கள்

பீர் செய்வது ஈஸ்ட். நாம் செய்வது அதற்கு வேண்டிய சாறு மட்டும்தான். பாட்டில் பாட்டிலாகப் பீர் நாசமாவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று 1870களில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, 1883ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து கலப்பில்லாத ஈஸ்டை வளர்த்தெடுத்தார். இன்று அதே தரத்தில் ஈஸ்ட் சின்னப் பொட்டலத்தில் வருகிறது. அதை ஆறாத வோர்ட்டில் கொட்டிப் பாதியைக் கொல்வது நம் கைவரிசை.

மிதமான சூட்டில் நொதிக்கும் ஏல் வகை பீர் என்றால் 18 முதல் 20 டிகிரி, குளிரில் நொதிக்கும் லாகர் என்றால் 10 முதல் 12 டிகிரிக்கு வந்த பிறகே ஈஸ்டைப் போடுங்கள். இதுவரை பலரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். தவறுவது அடுத்த நாள். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும். அறை 22 டிகிரி காட்டும்போது வாளிக்குள் 25, 26 ஓடிக்கொண்டிருக்கும். முதல் மூன்று நாளில் இப்படிச் சூடேறினால் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களையும் பழ மணம் தரும் எஸ்டர்களைத் தேவைக்கு மேலும் கக்கும்: தொண்டையில் எரிச்சல், மறுநாள் தலைவலி, வேண்டாத வாழைப்பழ மணம். பிறகு எத்தனை மாதம் வைத்திருந்தாலும் சரியாகாது. எனவே தெர்மாமீட்டரை அறைச் சுவரில் மாட்டாமல் வாளியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிற்கவைத்து, ஈரத்துணி சுற்றி, ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டாலே சில டிகிரி இறங்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். நடுத்தர வீரியமுள்ள 20 லிட்டர் ஏலுக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று சரி. லாகருக்குக் குளிரில் வேலை என்பதால் கிட்டத்தட்ட இரட்டிப்பு வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். வோர்ட்டைக் கலக்கி நுரைக்கவிட்டுக் காற்றேற்றுவதாக இருந்தால் ஈஸ்ட் போடும் நேரத்தோடு அது முடிந்துவிடவேண்டும். நொதித்த பீரில் காற்று கலந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டிச் சுவை வந்துவிடும். பீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றும்போது குழாயின் முனை அதன் அடியைத் தொட்டிருக்கட்டும், சலசலவென்று விழவிடாதீர்கள்.

அப்புறம் ஏர்லாக், அதாவது உள்ளிருக்கும் வாயுவைக் குமிழியாக வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி அடைப்பு. குமிழி நின்றுவிட்டது, நொதித்தலும் முடிந்துவிட்டது என்ற முடிவுக்கு ஆசைப்படாதவர் இல்லை. மூடி ஓரத்தில் கசிந்தால் முதல் நாளிலிருந்தே குமிழி வராது. அறை சூடானால் எல்லாம் முடிந்த பீரிலும் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி விடும். நம்பவேண்டியது, திரவத்தின் அடர்த்தியை அளந்து மிச்சச் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை. தொடக்கத்தில் 1.050, இப்போது 1.014 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து 1.010, மேலும் மூன்று நாள் கழித்தும் அதே 1.010. இப்போதுதான் முடிந்தது. வித்தியாசமான 0.040ஐ 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5.25 சதவீதம். முடிந்த பிறகும் ஓரிரு நாள் ஈஸ்டின் மேலேயே விட்டுவைத்தால், வெண்ணெய் மணம் தரும் டையசெட்டிலை ஈஸ்டே சாப்பிட்டுத் தீர்க்கும். அளக்க எடுத்த பீரைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். குடித்துப் பாருங்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

பாட்டில் வெடிப்பது விளையாட்டல்ல

மேலே சொன்ன 1.014ல் அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்திருந்தால் என்ன ஆகும்? வாயு ஏற்றுவதற்காக லிட்டருக்கு 6 கிராம் கணக்கில், அதாவது 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை சேர்த்திருப்பீர்கள். அது போதுமான அளவு. ஆனால் 1.014லிருந்து 1.010க்கு இறங்க மிச்சமிருக்கும் அந்த நான்கு புள்ளிச் சர்க்கரை, நீங்கள் அளந்து போட்ட சர்க்கரையைவிட அதிக வாயுவை உண்டாக்கும். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி தாங்காமல் போகலாம். வெடிக்கும் பாட்டில் கண்ணைப் பறித்துவிடும். சர்க்கரையைக் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள், தராசில் நிறுத்துப் பாகாக்கி, மொத்தப் பீரிலும் ஒரே சீராகக் கலந்துவிடுங்கள். பழைய ஒயின் பாட்டில், மெல்லிய அலங்காரப் பாட்டில் எதுவும் ஆகாது. பீருக்கென்று செய்த பாட்டில் மட்டும். ஒவ்வொரு முறையும் சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றிலும் கொஞ்சம் அடைத்துவையுங்கள். தினமும் அதை அமுக்கிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று விரலே சொல்லிவிடும். கல்லாக இறுகிவிட்டால் எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டிக்கு மாற்றவேண்டியதுதான்.

பாட்டில் பழுப்பு நிறமாக இருப்பது நல்லது. வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் சிதைந்து துர்நாற்றம் வீசும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி சுத்தமாகத் தடுக்காது.

தோட்டத்து ஹாப்ஸ்

ஹாப்ஸை வேலியில் படரவிடும் சாதாரணக் கொடியாக நினைப்பதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கிலோ தெற்கிலோ சுமார் 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள்தான் இது நன்றாகக் காய்க்கும். ஜெர்மனியின் ஹாலர்டாவ், அமெரிக்காவின் யாக்கிமா, இங்கிலாந்தின் கென்ட் எல்லாம் இந்தப் பட்டையில் இருப்பது தற்செயல் இல்லை. கோடையின் நீண்ட பகலில் கொடி வளர்கிறது, பகல் சுருங்கும்போது பூக்கிறது. வெப்பமண்டலத்தில் பகல் அந்த அளவுக்கு நீளாததால், செயற்கை வெளிச்சம் கொடுக்காமல் நட்டால் கொடி குட்டையாகவே நின்று, கூம்பு பேருக்கு நாலு வந்தால் அதிகம்.

விதை வாங்காதீர்கள். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்கு வேண்டிய கூம்பு பெண் கொடியில் மட்டுமே. விதையில் எது வரும் என்றும் தெரியாது, தாய்ச்செடியின் குணம் வரும் என்ற உறுதியும் கிடையாது. பெயர் தெரிந்த வகையின் வேர்த்தண்டையோ கன்றையோ வாங்குங்கள். இடம் விடும்போது ஆறு மீட்டர் உயரத்தை மனதில் வையுங்கள். இடுப்பளவு பந்தல் ஒரு மாதத்துக்குக்கூடத் தாங்காது. கொடியின் முரட்டு மயிர்கள் பற்றிக்கொள்ளத் தென்னை நார்க் கயிறு அருமையாக உதவும். பெரிய தோட்டங்கள் பலவற்றிலும் அதைத்தான் கட்டுகிறார்கள். கொடியை வலஞ்சுழியாகச் சுற்றிவிடுங்கள், எதிர்ப்பக்கம் சுற்றினால் அவிழ்ந்து தொங்கும். கையுறை போடாவிட்டால் கை முழுக்கச் சிராய்ப்பு.

முளைத்த எல்லாத் தண்டையும் ஏறவிடுவது அடுத்த தவறு. கயிற்றுக்கு இரண்டு மூன்று போதும், மற்றதை வெட்டிவிடுங்கள். நன்றாக ஏறிய பிறகு அடியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இலைகளைக் களைந்தால் காற்றோட்டம் கிடைக்கும், அடிச்சாம்பல் நோய் குறையும். முதல் வருடம் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த வருடம் செடி வேரைத்தான் வளர்க்கிறது. முழு விளைச்சலுக்கு மூன்றாம் வருடம் வரை ஆகும். இதைத் தெரியாமல் இரண்டாம் வருடமே செடியைப் பிடுங்கி எறிபவர்கள் இருக்கிறார்கள்.

அறுவடையைத் தேதி பார்த்துச் செய்யவேண்டாம். ஒரு கூம்பைப் பறித்து அமுக்குங்கள். ஈரமாக அமுங்கி அப்படியே கிடந்தால் இன்னும் நாள் இருக்கிறது. காகிதம் போலச் சரசரத்து, விட்டதும் பழைய வடிவத்துக்கு வந்தால் தயார். பிளந்து பாருங்கள்: இதழ்களின் அடியில் லுபுலின் தூள் அடர்ந்த மஞ்சளாக இருக்கும், தேய்த்தால் விரலில் ஒட்டும், மணம் மூக்கில் ஏறும்.

பறித்த கூம்பில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். செய்முறையில் போட்டிருக்கும் கிராம் உலர்ந்த ஹாப்ஸுக்கு. பச்சையாகப் போடுவதென்றால் ஐந்து மடங்கு வேண்டும், அதுவும் பறித்த ஒரு நாளுக்குள். இல்லாவிட்டால் 60 டிகிரிக்கு மேல் போகாமல், வெயில் படாமல், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். கூம்பின் நடுக்காம்பு வளையாமல் சட்டென்று முறியவேண்டும். வெளி இதழ் காய்ந்ததும் எடுத்துப் பையில் போட்டால் உள்ளீரத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் வையுங்கள். பழைய பாலாடைக்கட்டி வாடை வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

கசப்பு விஷயத்தில் மட்டும் சொந்த ஹாப்ஸை நம்பவேண்டாம். 1972ல் வெளியான கஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையில், கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் பொதுவாக 4.5 முதல் 7 சதவீதம். உங்கள் கொடியில் இந்த வருடம் 4.5ஆ, 7ஆ? ஆய்வகத்தில் கொடுக்காமல் தெரியாது. கசப்போ ஒன்றரை மடங்கு வித்தியாசப்படும். அதனால் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்கும் கசப்பு ஹாப்ஸை, அளவு அச்சிட்ட பாக்கெட்டிலிருந்து போடுங்கள். தோட்டத்துக் கூம்புகளைக் கடைசிப் பத்து நிமிடத்திலோ, நொதித்தல் அடங்கிய பிறகோ மணத்துக்காகப் போடுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் இதையும் கவனியுங்கள்: ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம். பச்சையோ, காய்ந்ததோ, கொதித்த சக்கையோ, தின்றால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி இறந்தே போகலாம். காய்ச்சி முடித்த சக்கையைத் திறந்த உரக்குழியில் கொட்டாமல் மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் நேராகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.