மடக்குக் கூரை ஸ்போர்ட்ஸ் காரை உள்ளே ஈரம் படாமல் கழுவுவது எப்படி?

துணிக் கூரை வைத்த கார் வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது அந்தத் துணியைப் பார்த்துத்தான். மினி கன்வர்டிபிள், பிஎம்டபிள்யூ இசட்4 மாதிரியான கார்களின் டாப் மழையில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது. நல்ல நிலையில் இருக்கும் டாப் வழியாகத் தண்ணீர் சொட்டாது. உள்ளே இறங்கும் தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடியும் பீடிங்கும் (விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை) சேரும் ஓரத்தில் புகும்; இல்லையென்றால் கூரையின் வடிகால் அடைத்துப் பொங்கும்; அதுவும் இல்லையென்றால் ஈரத்தோடு டாப்பை மடித்திருப்பார்கள். கழுவும்போது கண் இந்த மூன்றின் மேல்தான் இருக்க வேண்டும்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால்

காலை வெயில் ஏறுவதற்குள் நிழலில் நிறுத்திக்கொள்ளுங்கள். சூடான தகரத்தில் ஷாம்பு காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். புளிய மரம், முருங்கை மரத்தடி மட்டும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது தஞ்சாவூர், மன்னார்குடி பக்கத்துக் கிராமச் சாலைகளில் போய் வந்தால் வைக்கோல் தூசும் உமியும் துணியின் இழைக்குள் உட்கார்ந்துவிடும். அதன்மேல் நேராகத் தண்ணீர் ஊற்றினால் சேறாகி இன்னும் உள்ளே இறங்கும். அதனால் காய்ந்த டாப்பை முதலில் மென்மையான பிரஷால் முன்னாலிருந்து பின்னால் தள்ளித் தட்டிவிடுங்கள்.

அடுத்தது வடிகால். இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். கூரையில் விழும் தண்ணீர் அதன் பின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு வாய்க்காலுக்குள் இறங்கி, அங்கிருந்து இரண்டு பக்கமும் குழாய் வழியாகக் காருக்கு அடியில் போய்விடும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இந்தத் துளைகள் சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இருக்கின்றன. உங்கள் காரில் எங்கே என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புளிய இலையும் முருங்கை இலையும் பொடிசு. சுலபமாக உள்ளே போய்ப் புழுதியோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்த வாய்க்காலில் தண்ணீர் நிரம்பினால் அடுத்து அது போக இருக்கும் இடம் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கார்பெட்தான்.

டாப்பைப் பாதி தூக்கி, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக அந்த வாய்க்காலில் ஊற்றுங்கள். காருக்கு அடியில் சளசளவென்று விழுந்தால் சரி. தேங்கி நின்றால், புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை மெல்ல விட்டு அசைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். பஞ்சர் கடைக் காற்றையும் அடிக்காதீர்கள். குழாய் இணைப்பு உள்ளே கழன்றால் வெளியிலிருந்து தெரியாது, அடுத்த மழையில்தான் தெரியும்.

கழுவுதல்

டாப்பின் கொக்கி முழுதாக மாட்டியிருக்கிறதா, கண்ணாடிகள் கடைசி வரை ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வகைக் கார்களின் கதவுக் கண்ணாடிக்குச் சுற்றிலும் சட்டம் கிடையாது. நேராக ரப்பரில் போய் உட்காரும். ஒரு நூல் அளவு இறங்கியிருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் வரும். உள்பக்கம் கதவின் மேல் விளிம்பில் பழைய துண்டு ஒன்றை நீளவாக்கில் விரித்து வைப்பது நல்லது.

ஓஸ் முனையை விரலால் அடைத்துப் பீய்ச்சாமல், மேலிருந்து தண்ணீரைச் சும்மா வழியவிடுங்கள். வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோனால் ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “தம்பி, டாப்புக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் பிரஷர் கன் வேண்டாம், ஓஸ் போதும்.” கீழே டீசல் அடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரப்பர் உப்பிப் போகும்.

துணிக்குக் கார் ஷாம்பு போதும், துணி சோப்புத்தூளும் பிளீச்சும் ஆகாது. இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் பிரஷை அலச வெறும் தண்ணீர். பறவை எச்சம் இருந்தால் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவிடுங்கள். பின் கண்ணாடி பிளாஸ்டிக்காக இருக்கும் பழைய கார் என்றால் அங்கே பிரஷ் படவே கூடாது, ஒரு தேய்ப்பில் கீறல் விழும். பாடியை வழக்கம்போல் கழுவலாம். நுரை துளியும் இல்லாமல் அலசுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஒரு வாளி எடுத்து வையுங்கள்.

உலர்த்துதல்

தேங்காய்ப்பூத் துண்டு டாப்புக்கு ஆகாது. கறுப்புத் துணி முழுக்கப் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், எடுத்து மாளாது. மைக்ரோஃபைபர் துணியை விரித்து, உள்ளங்கையால் அழுத்தி ஒற்றி எடுங்கள்.

கதவை உடனே திறக்காதீர்கள். கண்ணாடியின் மேல் விளிம்பும் பீடிங்கும் சேரும் பள்ளத்தில் ஒரு கோடாகத் தண்ணீர் நிற்கும். கதவைத் திறந்த நொடியே அது கண்ணாடியின் உள்பக்கமாக உருண்டு சீட்டில் விழும். முதலில் வெளியிலிருந்து அந்தக் கோட்டை ஒற்றுங்கள். அப்புறம் ஒரு கையில் துணியை விளிம்புக்குக் கீழே பிடித்தபடி கதவை மெல்லத் திறந்து, பீடிங்கின் உள் பள்ளத்தைத் துடையுங்கள். டிக்கிக்கும் இதே முறைதான்.

டாப்பை மூடியபடியே காயவிடுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தையல் ஓரத்தில் ஈரம் இருக்கும். அங்கே ஒரு டிஷ்யூ தாளை அழுத்திப் பாருங்கள். தாள் நனைந்தால் இன்னும் மடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆகட்டும். ஈரத்தோடு மடித்த டாப்பில் பூஞ்சை பிடித்தால் கறை லேசில் போகாது. பிளாஸ்டிக் கவரும் அதுவரை வேண்டாம்.

புரட்டாசியிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். டாப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்க வேண்டும். துணி கறுத்து உறிஞ்சினால், நன்றாகக் காயவைத்து, கண்ணாடியையும் பெயின்ட்டையும் செய்தித்தாளால் மூடிவிட்டு, துணிக் கூரைக்கென்று விற்கும் தண்ணீர்த் தடுப்பு ஸ்பிரே அடியுங்கள். பீடிங்குக்குச் சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் ரப்பர் மெத்தென்று இருக்கும். வாஸலினும் சாதாரண கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு சீட்டுக்குப் பின்னாலும் கால் வைக்கும் இடத்திலும் கார்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். பின்னால் ஈரம் என்றால் வடிகாலை மறுபடி பாருங்கள். கதவோரத்தில் என்றால் பீடிங்கை. கார்பெட்டைத் தூக்கி, அடியில் மின்விசிறி வைத்து அன்றைக்கே காயவைத்துவிடுங்கள்.