புக்கெட் போட் டூர்: பணம் கட்டும் முன் தேதியைப் பாருங்க

டிக்கெட் மலிவாக் கிடைக்குதேன்னு ஆகஸ்டில் மதுரையிலிருந்து குடும்பத்தோட தாய்லாந்து கிளம்பினோம். புக்கெட்டிலிருந்து ஃபி ஃபி தீவுக்கு ஸ்பீட் போட். அங்க இருக்கிற மாயா பே கடற்கரைதான் மொத்த ஆசையும். பவளப்பாறைகள் தேறி வரட்டும்னு வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பரில் அதை மூடிவிடுவார்கள். முன்பணம் வாங்கிய ஏஜென்ட் மூச்சுவிடலை. தூரத்தில் படகை நிறுத்தி, "அதோ, அதுதான்" என்று கை காட்டினார்கள். அம்மாவுக்கு ஒரு கையில் கம்பி, மறு கையில் வாந்திப் பை. "இதுக்கு நம்ம வண்டியூர் தெப்பக்குளத்துலயே ஒரு சுத்து வந்திருக்கலாம்டா."

மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று, அலை தூக்கிப் போடும். நவம்பருக்கு மேல் ஏப்ரலுக்குள் போங்க. அந்தத் தீவு தேசியப் பூங்கா, அதுக்கான நுழைவுக் கட்டணம், வெளிநாட்டுக்காரர்களுக்கு 400 பாட் (தாய்லாந்துப் பணம்), பேக்கேஜில் உண்டான்னு எழுதி வாங்கிக்கங்க. எங்ககிட்ட படகுத்துறையில் வைத்துத்தான் கேட்டாங்க. முன்சீட்டு போட்டோவுக்கு நல்லாருக்கும், இடுப்புக்கு ஆகாது. பின்சீட்டைப் பிடிங்க. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுடணும். நான் படகு கிளம்பினபிறகு போட்டேன், அதுவும் கடலுக்குத்தான் போச்சு.