ஆர் மொழியில் கீ-வேல்யூ வரிசை: எங்கே சறுக்கும்?

ஆர் என்பது தரவு அலசலுக்கான நிரல்மொழி. ஒரு கீயை (தேடும் பெயர் அல்லது எண்) கொடுத்தால் அதன் மதிப்பைத் தருவது மேப். கீ வரிசையைத் தானே காத்துக்கொள்ளும் மேப், ஆர் மொழியோடு சேர்ந்து வருவதில்லை. பெயரிட்ட லிஸ்ட், என்விரான்மென்ட் (பெயர்களையும் மதிப்புகளையும் சேர்த்து வைக்கும் இடம்), டேட்டா.டேபிள் (அட்டவணைக்கான கூடுதல் தொகுப்பு) ஆகியவற்றில் ஒன்றை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறோம். மூன்றும் வரிசையை மூன்று விதமாக நடத்துகின்றன.

லிஸ்ட்டில் புதிய கீ கடைசியில்தான் போய் ஒட்டும். டாலர் குறி ($) போட்டுத் தேடினால் அரைகுறைப் பெயரும் பொருந்திவிடும்: ‘பாலக்’ என்று கேட்டாலே, அப்படித் தொடங்கும் வேறு பெயர் இல்லாதவரை, ‘பாலக்கோடு’ மதிப்பு வரும். இரட்டைச் சதுர அடைப்புக்குறி ([[ ]]) அப்படி ஏமாற்றாது. என்விரான்மென்ட்டில் எல்எஸ் (ls) கட்டளை பெயர்களை வரிசையாகக் காட்டுவதைப் பார்த்து உள்ளேயும் அப்படித்தான் என்று நம்பக் கூடாது. லிஸ்ட்டாக மாற்றினால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை.

உண்மையிலேயே வரிசை வேண்டுமென்றால் டேட்டா.டேபிளும், அதைக் கீயின்படி அடுக்கும் செட்கீ (setkey) கட்டளையும்தான். அங்கும் ஒரு பொறி உண்டு. பின்கோடு கீயாக இருக்கும்போது கிருஷ்ணகிரிக்காக டிடி[635001] (டிடி என்பது அட்டவணையின் பெயர்) என்று எழுதினால், அது 635001-ஆவது வரியைக் கேட்பதாகப் பொருள். அட்டவணை சிறியது என்றால் பிழைச் செய்தி கூட இல்லாமல் என்ஏ (NA, மதிப்பு இல்லை என்ற குறி) வரும். டிடி[.(635001)] என்று எழுத வேண்டும். தருமபுரியின் 636701-க்கும் அதேதான். இல்லாத கீ என்ஏ வரியாக வராமல் இருக்க, நோமேட்ச்=நல் (nomatch=NULL) சேருங்கள்.

செட்கீ நகல் எடுக்காமல் அட்டவணையையே கலைத்து அடுக்கும். அம்புக்குறியால் (<-) அதே அட்டவணைக்கு இன்னொரு பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பெயரிலும் வரிசை மாறியிருக்கும்; முதலில் காப்பி (copy) கட்டளை போட்டுவிடுங்கள். கீ இருக்கும் நிரலை (அட்டவணையின் column) := கொண்டு திருத்தினாலோ, இரண்டு அட்டவணைகளை ஆர்பைண்ட் (rbind) கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினாலோ கீ போய்விடும்; மறுபடி செட்கீ போட வேண்டும்.

தேதியை எழுத்தாக வைப்பது இன்னொரு வில்லங்கம். கேஆர்பி அணையின் (கிருஷ்ணகிரி அணை) நீர்மட்டப் பதிவில் ‘01-12-2024’ என்பது ‘02-01-2024’-க்கு முன்னால் போய் நிற்கும். டேட்டா.டேபிளின் தேதி வகையான ஐடேட்டாக (IDate) மாற்றிய பிறகே கீ ஆக்குங்கள். அப்போதுதான் தேடலில் சேர்க்கும் ரோல் (roll) பயன் தரும்: அளவு பதியாத நாளுக்கு, முந்தைய அளவை எடுத்துத் தரும். ஆனால் ரோல்=ட்ரூ எத்தனை நாள் பழைய அளவையும் இழுத்து வந்துவிடும். ரோல்=2 என்றால் இரண்டு நாளோடு நிற்கும்; அணை விஷயத்தில் இதுதான் நல்லது.

ஊர்ப்பெயரைத் தமிழில் கீ ஆக்கினால் வரிசை யூனிகோடு எண்ணின்படி அமையும்: ‘ழ’ என்பது ‘ள’வுக்குப் பின்னால் வரும், ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் வரும். தேடலுக்கு இதனால் பாதகமில்லை. அச்சிடும் பட்டியலுக்கு மட்டும் தனி வரிசை எண் நிரல் வைத்துக்கொள்ளுங்கள்.