வந்தவர் எதையும் கேட்க வேண்டாதபடி

திருகோணமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விருந்தினர் வராத மாதம் அரிது. பாடசாலை விடுமுறை தொடங்கினால் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவினர் வருவார்கள். கோணேசருக்கு ஒரு நேர்த்தி இருந்தால் மட்டக்களப்பிலிருந்து வருவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கடலைக் காணாமல் திரும்ப மாட்டார்கள். இத்தனை பேரை வரவேற்ற வீட்டில் வளர்ந்த எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: வந்தவர் வாய்திறந்து கேட்க நேரும் பொருள் ஒவ்வொன்றும் நாம் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டிய பொருள். தண்ணீர், துவாய், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் இடம், இரவில் குளியலறை விளக்குக்கான பொத்தான் எந்தச் சுவரில் இருக்கிறது என்ற தகவல் ஆகியவற்றைக் கேட்கக் கூச்சப்பட்டே ஒரு நாள் முழுவதும் சமாளித்துவிடுபவர்கள் நம்மவர்கள்.

ஆகவே வேலை அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்பதோடு நிறுத்தாமல், சைவமா மச்சமா, விரதம் ஏதும் உண்டா, நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருப்பவர் யார், தரையில் பாயில் படுக்க முடியாதவர் யார் என்பவற்றையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா வந்திருந்தார். அவர் வெள்ளியில் சைவம் என்பது தெரிந்தே பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கீரையும் சமைத்து வைத்த நான், காலையில் மற்றவர்களுக்காக இடித்த சம்பலையும் அதே மேசையில் வைத்துவிட்டேன். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோன கையை அவர் அப்படியே நிறுத்தினார். சோற்றிலிருந்து நகக்கண் அளவு மாசிக் கருவாட்டுத் துண்டொன்றை விரல்நுனியால் ஒதுக்கி இலையின் ஓரத்தில் வைத்தார். "எனக்கு இண்டைக்கு அவ்வளவாப் பசியில்லை, பிள்ளை" என்றார். அதன் பிறகு விரதக்காரர் வரும் நாளில் வீட்டில் மாசி இடிப்பதே இல்லை. உரலும் அகப்பையும் முதல்நாளே கழுவிக் காய்ந்துவிடும்.

எங்கள் ஊரில் தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால் இந்தக் கவனம் இன்னும் சற்று விரிய வேண்டும். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ முஸ்லிம் நண்பர் குடும்பத்தோடு வந்தால், மீனும் மரக்கறியும் சமைப்பதே இரு தரப்புக்கும் நிம்மதி. இறைச்சி சமைக்கத்தான் வேண்டும் என்றால் ஹலால் கடையில் வாங்கி, அதை அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தொழுகை நேரம் வந்தால் ஒரு சுத்தமான விரிப்பும் ஆள் நடமாட்டமில்லாத ஓர் அறையும் கொடுத்து, மேற்கு எந்தப் பக்கம் என்று காட்டினால் போதும். அங்கிருந்து சற்று வடக்கே சாய்ந்து, தொழும் திசையான கிப்லாவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அறையைப் பொறுத்தவரை புதுப் பொருட்கள் தேவையில்லை. வெயிலில் காய்ந்த விரிப்பு, கிழிசலில்லாத நுளம்பு வலை, ஆளுக்கொரு துவாய், பிரிக்காத சவர்க்காரம், குளியலறைக்கென்று ஒரு சோடிச் செருப்பு, மின்சாரம் நின்றால் எடுக்க ஒரு டோர்ச் ஆகியவற்றைக் கட்டிலருகே கண்ணில் படும்படி வைத்தால் பெரும்பகுதி முடிந்தது. கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் நல்ல மின்விசிறியை விருந்தினர் அறைக்கு மாற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வருபவர்களுக்கு வாசலில் குடையும் கால்துடைக்கச் சாக்கும் வேண்டும். கடற்கரையை அண்டிய வீடுகளில் கிணற்று நீர் உவராக இருக்கலாம். அதனால் எந்தத் தண்ணீர் குடிக்க, எது குளிக்க என்பதை வந்த உடனேயே சொல்லிவிட வேண்டும்.

கொழும்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் வருபவர்கள் விடியும் வேளையில் நம் படலையைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது விருந்தன்று. எங்கள் அம்மம்மா விறாந்தையில் மூடிய செம்பில் தண்ணீர் வைத்திருப்பார். வந்தவர் செருப்பைக் கழற்றி நிமிரும்போது செம்பு அவர் கையில் இருக்கும். குடித்து முடிக்கும் வரை பயணம் எப்படி என்றுகூடக் கேட்க மாட்டார். பிறகு சீனி போடாத தேத்தண்ணியும், தனியே ஒரு சிறு தட்டில் பனங்கட்டித் துண்டுகளும் வரும். வேண்டியவர் கடித்துக்கொள்வார், வேண்டாதவர் காரணம் சொல்லாமலே விட்டுவிடுவார். நீரிழிவு உள்ளவருக்கு இதைவிட நல்ல உபசாரம் எனக்குத் தெரியாது. தேத்தண்ணி முடிந்ததும் அறையைக் காட்டி, இரண்டு மணி நேரம் படுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுங்கள். ஊர்ப் புதினம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இருக்கும்.

சமையலில்தான் நம் வீடுகள் பெரும்பாலும் தவறுகின்றன. பன்னிரண்டு கறி வைக்கும் ஆசையில் வீட்டுக்காரி குசினிக்குள்ளேயே நின்றுவிட, வந்தவர் முன்னறையில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான்கு கறி போதும். அவற்றையும் கடைசி நேர வேலை குறைந்தவையாகத் தெரிந்தெடுங்கள். மீன்குழம்பு முதல்நாள் இரவே வைத்தால் புளியும் தூளும் ஊறி மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும்; ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பரிமாறும் முன் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். அரிசியைச் சுண்டால் அளப்பவர்கள் இருவருக்கு ஒரு சுண்டு என்று கொண்டு, மொத்தத்தில் ஒரு சுண்டு கூட்டிப் போட்டால் எதிர்பாராமல் வருபவருக்கும் சோறு இருக்கும்.

காலையில் இடியப்பம் என்றால் சொதியின் முறையை அறிந்துகொள்வது உதவும். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றைத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிட்டு, அந்த நிலையிலேயே அடுப்பை அணைத்து மூடிவிடலாம். விருந்தினர் முகம் கழுவப் போகும்போது மீண்டும் சூடாக்கி, முதற்பாலை ஊற்றி, விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியதும் கொதிக்க விடாமல் இறக்கி, அதன் பிறகே தேசிக்காய்ப் புளி விட வேண்டும்; கொதிக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும். குசினியில் நீங்கள் நிற்க வேண்டியது ஐந்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் வந்தவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கலாம்.

பரிமாறும்போது வற்புறுத்துவது நம் வழக்கம், அதில் அன்பும் இருக்கிறது. எனினும் ஒரு முறை கேட்டு, போதும் என்றால் இன்னொரு முறை கேட்டு, அதற்கும் போதும் என்றால் அகப்பையைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது என் துணிபு. வயதானவர்களுக்கு வயிறு கேளாது, மனம் சங்கடப்படும். பிள்ளைகளுக்கு உறைப்பில்லாத ஒரு கறியை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் சட்டித் தயிரும் பாணியும் இருந்தால் வேறு இனிப்புத் தேவையில்லை.

ஊர் சுற்றிக் காட்டுவதில் அவசரம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். கோணேசர் கோயிலுக்கு மாலை நான்கு மணிக்குப் பிறகு அழைத்துச் செல்லுங்கள். நண்பகலில் கல் தரையில் வெறுங்காலோடு நடக்க முதியவர்களால் முடியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களைக் கண்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள். பொலித்தீன் பைகளை அவை தின்றுவிடும் என்று முன்பே சொல்லி வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீரை அள்ளி ஊற்றித்தான் குளிக்க வேண்டும் என்பதால் ஒரு சிறு வாளியும் மாற்று உடையும் எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டிலேயே இருக்கிறேன் என்பவரை விறாந்தையில் சாய்கதிரையோடு விட்டுவிடுவதும் உபசாரந்தான்.

புறப்படும் நாளில் நேரத்தை நீங்கள் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு தேத்தண்ணி என்று பிடித்து வைத்து அவர்களை ஓடவைக்காதீர்கள். ஓட்டோவுக்கு அரை மணி நேரம் முன்பே சொல்லிவிடலாம். வழிச் சாப்பாட்டுக்குச் சொதி, குழம்பு போன்றவை ஒழுகும்; புட்டும் பொரித்த மீனும் வாட்டிய வாழையிலையில் கட்டினால் இரவுக்குத் தாங்கும். கருவாடு கொடுப்பதென்றால் பத்திரிகைத் தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் பை இரண்டு; இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் மணக்கும். முற்றத்து முருங்கைக்காய் நாலைந்தைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள். அவர்கள் போட்டு வாறம் என்று சொன்ன பிறகு படலை வரை கூடவே நடந்து செல்லுங்கள். இரவுப் பயணமாயின், ஓட்டோ தெருமுனை திரும்பும் வரை வாசல் விளக்கை அணைக்க வேண்டாம்.