தாலுகா போர்டு காலத்தில் உங்கள் ஊர் எப்படிப் பிழைத்தது? பழைய கணக்கைத் தேடிப் படிக்கும் வழி

கடலூர், பண்ருட்டி பக்கம் வயதானவர்கள் இன்னும் 'போர்டு ஸ்கூல்', 'போர்டு ரோடு' என்றுதான் சொல்வார்கள். போர்டு என்றால் வெள்ளைக்காரர் காலத்து உள்ளாட்சி அமைப்பு. அந்த போர்டின் கணக்கு ஏடுகளில் நம் கிராமங்களின் நூறு வருடத்துப் பிழைப்பு எழுதிக் கிடக்கிறது, ஆனால் எடுத்துப் படிப்பவர்கள் ரொம்பக் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். சென்னை மாகாணத்தில் 1884 சட்டப்படி ஜில்லா போர்டு, அதன் கீழே தாலுகா போர்டு, அதற்கும் கீழே யூனியன் (சில கிராமங்கள் சேர்ந்தது) என்று மூன்று அடுக்கு. தாலுகா போர்டுகளை 1934-இல் கலைத்தார்கள். 1958 சட்டத்துக்குப் பின் ஊராட்சி ஒன்றியங்கள் வந்ததும் ஜில்லா போர்டும் போய்விட்டது.

அப்புறம் எல்லை. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. 1993-இல் பிரியும் வரை கடலூரும் விழுப்புரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்; இன்றைய பண்ருட்டி வட்டம் அன்றைய கடலூர் தாலுகாவுக்குள் இருந்தது. ஆகவே அன்றைய தாலுகா வருமானத்தை இன்றைய வட்டத்தோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் ஊர் பாகூர், வில்லியனூர் பக்கம் என்றால் கதையே வேறு, அங்கே தாலுகா போர்டு கிடையாது, பிரெஞ்சு அரசு 1880-இல் ஏற்படுத்திய கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிகளின் ஆவணங்களைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். கார்ஸ்டின் எழுதிய 1878 மாவட்ட மேனுவலும் பிரான்சிஸ் எழுதிய 1906 கெஜட்டியரும் (மாவட்ட விவர நூல்) இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன, உள்ளாட்சி பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே பழைய வருடங்களுக்கு 'லோக்கல் அண்ட் முனிசிபல்' துறை அரசாணைகள், பிந்தைய வருடங்களுக்கு 'லோக்கல் செல்ஃப் கவர்ன்மென்ட்' துறை அரசாணைகள் என்று கேட்க வேண்டும். இந்தத் துறைப் பெயர் தெரியாமல் போனால் ஒரு நாள் வீண்.

சரி, ஆவணக் கட்டு கைக்கு வந்துவிட்டது. எல்லோரும் செலவுப் பக்கத்துக்குத்தான் ஓடுவார்கள், எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கிணறு என்று. என்னைக் கேட்டால் வரவைத்தான் முதலில் படிக்க வேண்டும், ஏனென்றால் ஊரில் எது ஓடியதோ, எது விளைந்ததோ, அதிலிருந்துதான் போர்டு காசு எடுத்தது. சந்தைக் குத்தகை, ஆற்றுத் துறையில் தோணிக் குத்தகை, சாலையோரப் புளியமரங்களின் மகசூல் ஏலம், வண்டிகளுக்கான சுங்கம், எல்லாம் தனித்தனிப் பதிவாக இருக்கும். ஒரு சாவடியின் சுங்கக் குத்தகை வருடா வருடம் ஏறினால் அந்தச் சாலையில் வண்டி கூடியிருக்கிறது என்று அர்த்தம். மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை ஏற்றிய வண்டிகள் புதுச்சேரித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து சரக்கு பிரான்சின் மார்செய்க்குக் கப்பலேறிய காலம் அது.

நிலவரிக்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி உண்டு. நெடுங்காலம் ரூபாய்க்கு ஓரணா, அதாவது 32 ரூபாய் கிஸ்தி கட்டிய குடியானவர் கூடவே 2 ரூபாய் செஸ் கட்டினார். அந்த விகிதம் இருந்த வருடங்களில் செஸ் வசூலைப் பதினாறால் பெருக்கினால் நிலவரி எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

ஒரு இடத்தில் கவனம் தேவை. 1931-ஐ ஒட்டிச் சுங்க வருமானம் திடீரென்று காணாமல் போகும். உடனே வியாபாரம் படுத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்து சுங்கச்சாவடிகளையே எடுத்துவிட்டார்கள், அதற்கு ஈடாக அரசு பணம் கொடுத்தது, அது வேறு தலைப்பில் இருக்கும். பொருளாதார மந்தமும் அதே சமயம்தான், அதன் பாதிப்பைச் சந்தைக் குத்தகையில் தேடுங்கள். அதே மாதிரி 1934-க்குப் பிறகு தாலுகா கணக்கு நின்றுபோனால், ஜில்லா போர்டு கணக்கில் தொடர்ச்சியைப் பிடியுங்கள்.

கிராமக் கணக்கு பசலி என்ற வருவாய்க் கணக்கு வருடத்தில் இருக்கும்: 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருடம், தொடக்கம் ஜூலை. பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. போர்டு கணக்கோ ஏப்ரலில் தொடங்கும், இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொகைகளை அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒன்று) கணக்கோடு உள்ளபடியே எழுதி, அரசாணை எண்ணையும் தேதியையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

கடைசியாக அந்தக் குறிப்போடு ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் உட்காருங்கள். பொதுவாக 'அந்தக் காலம் எப்படி?' என்று கேட்காமல், சந்தை எந்தக் கிழமை கூடியது, புளியமர ஏலத்தை யார் வீட்டில் எடுப்பார்கள், வண்டி எந்தத் துறையில் ஆற்றைக் கடந்தது என்று கேளுங்கள்.